மூன்றாம் பாட்டில் ஒரு டப்

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நடுவில் சொத்துத் தகராறு எதுவும் கிடையாது. பெண் கொடுத்த இடத்திலோ எடுத்த இடத்திலோ மனத்தாங்கல் கிடையாது. பாட்டை எந்த வடிவத்தில் கணினியில் போட்டு வைப்பது என்பதில்தான் சண்டை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அண்ணி யாரிடமும் சொன்னதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை இழைத்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. கூட வேலை செய்யும் பெண்கள், உங்க வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ஏன் பேசிக்கறதில்ல என்று ஒருநாள் துளைத்தபோது, ஏதோ நிலம் என்று சொல்லிவைத்தாள். நிலம் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

இரண்டு வடிவமுமே ஒலியில் எதையும் இழக்காதவை. சிடியில் இருப்பதை ஒரு துளி குறையாமல் சின்னதாக மடித்து வைத்துக்கொள்ளும். கேட்கும்போது பிரித்துக் கொடுக்கும். போர்வையை நாலாக மடித்தால் என்ன, எட்டாக மடித்தால் என்ன, பிரித்தால் அதே போர்வைதான். அண்ணி தன் தொழிலில் இருந்து ஒரு உதாரணம் சொன்னாள்: பவர் ஒன்றுதான், ஃப்ரேம்தான் வேறு. அவள் வீட்டுக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், மறுநாளில் இருந்து தானே கண்டுபிடித்த மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் லிப்ட் மெக்கானிக். அவருடைய கட்சி ஃப்ளாக். அது யாருக்கும் சொந்தமில்லாத வடிவம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம், அநேகமாக எந்தப் பெட்டியிலும் பாடும். வீட்டில் அதற்குப் பெயர் 'பொது'. தம்பி பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் சின்னவர். அவருடைய கட்சி, ஒரு ஒலிபெருக்கி கம்பெனி தனக்கென்றே செய்து வைத்திருந்த வடிவம். அந்தக் கம்பெனியின் பெட்டிகளில் மட்டும்தான் ஒழுங்காகப் பாடும். அதற்குப் பெயர் 'பூட்டு'. இலவசமாகக் கிடைக்கும் சில நிரல்கள் அந்தப் பூட்டைத் திறந்து பாட்டைப் பொதுவுக்கு மாற்றித் தரும், பொதுவில் இருந்து பூட்டுக்கும் மாற்றும். எத்தனை தடவை மாற்றினாலும் பாட்டு அப்படியே இருக்கும். ஆக, சண்டை காதுக்காக இல்லை. சாவி யார் கையில் என்பதற்காக.

நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரன் கடையை இழுத்து மூடினால் நீ பாட்டை மூக்காலயா கேப்ப என்று அண்ணன் கேட்பார். உங்க பொதுவைக் கேக்கறதுக்கு ஒயர் மாட்டி முடிக்கறதுக்குள்ள பாட்டு கேக்கற ஆசையே செத்துடும் என்று தம்பி சொல்வார். பொய்ப்பல் செய்யறவனுக்கு அசல் பத்தி என்னடா தெரியும் என்பார் இவர். மேல போறது கீழ வர்றது ரெண்டைத் தவிர உங்களுக்கு என்ன தெரியும் என்பார் அவர். சின்னவரின் மனைவி, அண்ணிக்கு ஓரகத்தி, ரெண்டு பேரும் பாட்டைக் கேட்டு நான் பாத்ததே இல்லையேக்கா என்பாள். அதுவும் உண்மைதான். வாங்குவார்கள், கணினியில் ஏற்றுவார்கள், அட்டைப்படம் தேடி ஒட்டுவார்கள், வரிசைப்படுத்துவார்கள். கேட்பது மட்டும் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போகும்.

இப்படிப் பத்து வருஷம் நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கெட்டுப்போனது ஒரு சாவியால்.

கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்த காலத்தில் பங்கு போட்டு முந்நூற்றுச் சொச்சம் சிடி வாங்கியிருந்தார்கள். அவை சின்னவரிடம் தங்கிவிட்டன. அவர் எல்லாவற்றையும் பூட்டு வடிவத்தில் ஏற்றிவிட்டு, சிடிகளைப் பரணில் போட்டு வைத்தார். மேல்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கசிந்து பரண் முழுக்க ஊறிப்போய், கடைசியில் அத்தனையும் குப்பைக்குப் போயின. ஆக, அந்தப் பாட்டெல்லாம் உலகத்தில் சின்னவரின் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் இருந்தது. தம்பி, எனக்கு ஒரு காப்பி குடு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் அதற்கு முந்தின மாதம்தான், கம்பெனிக்காரன் பைலைச் சும்மா குடுத்தாலும் என் வீட்டு வாசப்படி மிதிக்க விட மாட்டேன் என்று அண்ணன் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து வசனம் பேசிவிட்டு வந்திருந்தார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

சின்னவர் குடும்பத்தோடு பத்து நாள் வெளியூர் போனார். செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் மீனுக்குத் தீனி போடவும் சாவியை அண்ணியிடம் கொடுத்தார். இரண்டாம் நாள் மத்தியானம், நானும் வரேன், உனக்குத் துணைக்கு என்றார் வீட்டுக்காரர். நாலு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்ன துணை என்று அவள் கேட்கவில்லை; சட்டைப் பையில் டிஸ்க் துருத்திக்கொண்டு நின்றது. அவர் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி எடுத்தார். அவள் சும்மா நிற்க முடியாமல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். காப்பி முடியவில்லை. மறுபடியும் ஊற்றினாள். இரண்டு மத்தியானம் இந்தக் கூத்து நடந்தது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஃப்ளாக்காக மாற்றி, தன் அடுக்கோடு சேர்த்துக்கொண்டு, பூட்டை உடைச்சு விடுதலை வாங்கிக் குடுத்துட்டேன் என்று அவர் சொல்லிக்கொண்டார். ஓரகத்தியின் செடி ஒன்று வேர் அழுகிச் செத்துப்போனது.

அதற்கப்புறம் மூன்று வருஷம் கழித்து, மகளைக் கொடுத்த வீட்டார் முதல்முறையாகச் சாப்பிட வந்தார்கள். சின்னவரும் ஓரகத்தியும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்காரர் பெருமையாக ஒரு புல்லாங்குழல் தொகுப்பைப் போட்டார். மூன்றாவது உருப்படி ரொம்ப மெதுவானது. நாலாவது நிமிடத்தில் குழல் மெலிந்து மெலிந்து நூலிழையாக நிற்கும் இடத்தில், கூடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, 'டப்' என்று ஒரு சத்தம் வந்தது. சம்பந்தி தன் பல் செட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சின்னவருக்குப் இத்தனை வருஷமாகக் காத்திருந்த பந்து கைக்கு வந்து விழுந்தது. இதுதான் அண்ணி இலவசம்ங்கறது என்று ஆரம்பித்தார். இதே தொகுப்பு தன் வீட்டில் இருக்கிறது, தண்ணீர் மாதிரி ஓடும் என்றார். பொதுச் சொத்து என்றால் இப்படித்தான், நடுவில் நடுவில் பெயர்ந்து கிடக்கும் என்றார். சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். வீட்டுக்காரருக்கு உடனே விளங்கியது. அது சின்னவருடைய பைல்தான். கீறல் விழுந்த சிடியை அவர்தான் ஏற்றியிருக்கிறார். 'டப்' அங்கே இருந்தே வந்தது. சொன்னால் வடிவத்தின் மானம் காப்பாற்றப்படும், சொன்னவர் திருடர் ஆவார், அதுவும் சம்பந்தி முன்னால். வீட்டுக்காரர் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அங்கே அண்ணியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, தட்டைத் துடைத்தபடி சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

சிரிப்போடு விட்டிருக்கலாம். ராத்திரி சின்னவர் போனில் கூப்பிட்டு, அண்ணே, டப் தூங்கிடுச்சா என்று மறுபடி வம்புக்கு இழுத்தார். தற்காப்புக்கு வழி இல்லாதவர் வேறு பக்கமாகப் பாய்ந்தார். பொய்ப்பல் செஞ்சு செஞ்சு நீயும் பொய்யாயிட்டடா என்றார். இதை அவர் நூறு தடவை விளையாட்டாகச் சொன்னவர்தான். அன்றைக்குக் குரலில் விளையாட்டு இல்லை. சின்னவர் போனை வைத்துவிட்டார். அதன்பிறகு பத்தொன்பது மாதம் இருவரும் பேசவில்லை. இருபதாவது மாதம் ஒரு கட்டிடத்தில் நின்றுபோன லிப்டைச் சரிசெய்யப் படியேறிப் போன அண்ணன் ஏழாவது மாடிப் படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் சின்னவர். கையெழுத்துப் போட்டது, ஆட்களைக் கூப்பிட்டது, எல்லாம் அவர்தான். ஆனால் அழவில்லை. அதன்பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். குழாயை முறுக்குவார், பல்பு மாற்றுவார், ஒன்றும் இல்லாவிட்டால் கதவின் கீலுக்கு எண்ணெய் விடுவார். அண்ணி வீட்டுக் கதவுகள் எல்லாம் சத்தமில்லாமல் திறந்து மூடின. யார் உள்ளே வருகிறார்கள் என்றே தெரியவில்லை.

அண்ணன் போன எட்டாவது மாதம் அவருடைய பாட்டுப் பெட்டி புகைந்து அடங்கியது. பாட்டெல்லாம் இருந்த டிஸ்க் தனி என்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை; ஆனால் பாட ஆள் இல்லை. சின்னவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தேறாது அண்ணி என்றார். தன் வீட்டில் புதுசு வாங்கிவிட்டதால் பழைய கம்பெனிப் பெட்டிகள் மூன்று சும்மா கிடக்கின்றன, கொண்டுவந்து வைத்துவிடுகிறேன், போனைத் தொட்டால் போதும், சமையலறையிலும் பாடும் என்றார். ஒரே ஒரு சங்கடம். அந்தப் பெட்டிகளில் ஃப்ளாக் ஓடாது. அண்ணன் சேர்த்த ஆயிரத்து நானூறு தொகுப்பையும் பூட்டுக்கு மாற்ற வேண்டும். டிஸ்க்கில் இரண்டுக்கும் இடம் போதாது. மாற்ற மாற்றப் பழையதை அழித்துக்கொண்டே போக வேண்டும்.

"பாட்டுல ஒரு துளி குறையாது அண்ணி. ஃப்ரேம்தான் மாறுது, பவர் அதேதான்" என்றார்.

என் உதாரணத்தை எனக்கே திருப்பிப் போடுகிறாரே என்று நினைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். சரி என்று எழுந்தவர் வாசல் வரை போய்த் திரும்பினார். அந்தப் புல்லாங்குழல் தொகுப்பை மட்டும் மாற்ற வேண்டாம், தன்னுடையதையே அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறேன் என்றார். "உங்க முன்னாடி போட்டுக் காட்டறேன். நீங்க உக்காந்து கேக்கணும்." சொல்லிவிட்டு நிற்காமல் இறங்கிப் போனார்.

அண்ணி கதவைச் சாத்திவிட்டு, நடக்கப்போவதை நினைத்துப் பார்த்தாள். கொண்டுவந்து போடுவார். நாலாவது நிமிடத்தில் டப் வரும். ஒரே இடத்தில் ஒரே டப் இரண்டு வீட்டுப் பைலிலும் தானாக முளைக்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணன் திருடினார் என்பது தெரிந்துபோகும். அதுகூடப் போகட்டும், இறந்தவரை என்ன செய்துவிடுவார்? ஆனால் இன்னொன்றும் தெரிந்துபோகும். தன்னுடைய கீறல் சிடிக்காக அண்ணனோடு பத்தொன்பது மாதம் பேசாமல் இருந்தோம் என்பது. இனிமேல் போய்ப் பேசிச் சரிசெய்ய முடியாது என்பது. வீட்டுக்காரர் இறந்த அன்று காலையில் டீயைச் சீக்கிரம் கொடுத்திருந்தால் அவர் கூட்டமில்லாத பஸ்ஸில் போயிருப்பார், களைப்பில்லாமல் படி ஏறியிருப்பார் என்கிற மாதிரி கணக்குகளை எட்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருப்பவள் அவள். அந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் தீராது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சின்னவர் தலையிலும் ஏற்ற அவளுக்கு மனமில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் கடையிலிருந்து இறங்கி, பழைய சிடி விற்கும் கடைகளில் ஏறினாள். மூன்றாவது கடையில் அதே புல்லாங்குழல் கிடைத்தது. கடைக்காரர் அதைத் துடைக்கப் போனார். கொடுங்க என்று வாங்கி, லென்ஸைப் பார்ப்பது போல விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்களேம்மா என்றார் கடைக்காரர்.

வீட்டுக்காரர் ஒரு நோட்டில் ஏற்றும் முறையை எழுதி வைத்திருந்தார். மெஷினில் போடு, வேகத்தைக் குறை, பொறுமையாக இரு, நடுவில் எழுந்து போய்க் குழம்பைக் கிண்டாதே. கடைசிக் கட்டளை யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஏற்றி, இலவச நிரலால் பூட்டு வடிவத்துக்கு மாற்றினாள். ஆயுசில் அவள் செய்த முதல் பூட்டு. இதை அவர் பார்த்திருந்தால் சோறு தண்ணி இறங்கியிருக்காது.

இனி சாவி. அதற்கும் வழி வந்தது. வியாழக்கிழமை ஓரகத்தியின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இருவரும் கிளம்பினார்கள். ஒரு நாள்தானே, செடிக்கு ஒன்றும் ஆகாது என்று ஓரகத்தி சொன்னாள். ஒரு நாள்னாலும் உயிர் இல்லையா என்று அண்ணி விடாமல் பேசிச் சாவியை வாங்கிக்கொண்டாள். அக்கா, பாத்து ஊத்துங்க என்று மட்டும் ஓரகத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். சின்னவரின் டிஸ்க்கில் புல்லாங்குழல் அடுக்கைத் திறந்து, மூன்றாவது உருப்படியை அழித்து, அந்த இடத்தில் தன்னுடையதை அதே பெயரில் வைத்தாள். லென்ஸ் மாற்றுவதுதான், ஃப்ரேம் அசையக் கூடாது. பத்து நிமிஷ வேலை. அதற்கப்புறம் செடிக்குத் தண்ணீர் மொண்டாள். அளந்து ஒரு டம்ளர் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவர் தனியாக வந்தார். தேய்த்த சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு கம்பெனிப் பெட்டியும் தன் டிஸ்க்கும். டீ வேண்டாம் என்றார். உட்காருங்க அண்ணி என்றார். பல் பிடுங்க வந்தவர் மாதிரி முகம் இருந்தது. முதல் இரண்டு உருப்படியைத் தாண்டிவிட்டு நேராக மூன்றாவதைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அண்ணியும் மூடிக்கொண்டாள்.

குழல் நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது. மெலிந்து நூலிழையாக நின்றது. அந்த இடம் வந்தது. போனது. ஒன்றும் நடக்கவில்லை. குழல் மறுபடி தடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

சின்னவர் ஒரு கண்ணைத் திறந்தார். போனைத் தடவிப் பின்னால் இழுத்து மறுபடி போட்டார். இந்தத் தடவை பெட்டியில் காதை வைத்துக்கொண்டு கேட்டார். மறுபடியும் சுத்தம். மூன்றாவது தடவை டிஸ்க்கை எடுத்துப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார், அங்கே எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது போல.

"தண்ணி மாதிரி ஓடுது தம்பி" என்றாள் அண்ணி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"வரலியே" என்றார் சின்னவர்.

"எது?"

அவர் சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். பிரித்துப் பார்த்தார். பரீட்சை மண்டபத்தில் வேறு பாடத்துக்குப் படித்துவிட்டு வந்தவன் முழிப்பது மாதிரி திருதிருவென்று முழித்தார்.

"நாலு நாளா எழுதினேன் அண்ணி. முதல் வரியே, 'இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சுல்ல'ன்னு ஆரம்பிக்குது. சத்தம் கேக்கலைன்னா இதை எப்படிப் படிக்கறது?"

அண்ணிக்கு அப்போதுதான் விளங்கியது. உட்கார்ந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. இரண்டையும் ஒன்றாக விழுங்கினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

அவருக்குத் தெரிந்திருந்தது. சண்டை போட்டு ஒரு மாதம் கழித்து, கூட வேலை செய்கிற ஒருவரைக் கூட்டிவந்து, அண்ணன் வீட்டில் டப் வந்தது, என் வீட்டில் கேளுங்க என்று போட்டிருக்கிறார். வாங்கிப் பல வருஷம் கழித்து முதல்முறையாகக் கேட்டது அப்போதுதான். நாலாவது நிமிடத்தில் டப். வந்தவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். சின்னவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தார். அண்ணன் வீட்டுக்கு அது எப்படிப் போயிருக்கும்? சாவி கொடுத்த அந்தப் பத்து நாள் ஞாபகம் வந்தது. ஓரகத்தி அந்தச் செடி அழுகியபோதே சொல்லியிருந்தாளாம், இது மறந்து ஊத்தின தண்ணி இல்ல, ஏதோ தப்பு பண்ணிக்கிட்டே ஊத்தின தண்ணின்னு.

"அன்னிக்கே போன் பண்ணியிருக்கணும்" என்றார். "திருடினது அவர், அவரே பேசட்டும்னு இருந்துட்டேன். உள்ளுக்குள்ள சந்தோஷம் வேற. பேசினதும் இதைச் சொல்லி மடக்கணும்னு சேத்து வச்சிருந்தேன்."

இந்த எட்டு மாதமும் அவர் ஞாயிறுதோறும் வந்தது இதைச் சொல்லத்தான். வாயில் வரவில்லை, கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனார். பெட்டி புகைந்ததும் ஒரு வழி கிடைத்தது. பாட்டைப் போடுவது, டப் வந்ததும் தாளை எடுத்துப் படித்துவிடுவது. அதற்காகத்தான் உட்கார்ந்து கேக்கணும் என்று சொன்னது.

அண்ணி தன் பங்கைச் சொன்னாள். சிடிக் கடை, நோட்டு, சாவி, ஒரு டம்ளர் தண்ணீர், எல்லாம். சின்னவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணனும் அண்ணியும் சேர்ந்து தன் வீட்டை எத்தனை தடவைதான் கொள்ளையடிப்பீர்கள் என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணி, அந்த டப் என் வீட்டுல இப்ப எங்கயுமே இல்லையா?"

"அழிச்சுட்டேன் தம்பி."

"அது ஒண்ணுதான் ரெண்டு வீட்டுலயும் ஒரே மாதிரி கேட்டுச்சு. அவர் போனதுல இருந்து அதைப் போட்டுக்கிட்டுதான் இருந்தேன். இந்த வாரம்தான் தாள் எழுதற மும்முரத்துல விட்டுட்டேன்."

அண்ணி எழுந்து போய் வீட்டுக்காரரின் டிஸ்க்கை எடுத்துவந்து லேப்டாப்பில் செருகினாள். அங்கே பொதுவில் அது பத்திரமாக இருந்தது. பூட்டு வடிவத்துக்கு மாற்ற நிரலை ஓடவிட்டாள். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்தது. இருவரும் குனிந்து அதையே பார்த்தார்கள். முடிந்ததும் சின்னவரின் டிஸ்க்கில் ஏற்றி, பெட்டியில் போட்டார்கள்.

குழல் மெலிந்தது. டப்.

பூட்டில் இருந்து பொதுவுக்குப் போய், பொதுவில் இருந்து பூட்டுக்கு வந்தும் அதில் ஒரு இம்மி குறையவில்லை. அன்று கூடத்தில் கேட்ட அதே டப். எதையும் இழக்காத வடிவம் என்றால் கீறலையும் இழக்காது என்று அவளுக்கு இத்தனை வருஷத்தில் தோன்றியதே இல்லை.

"இப்பப் படிங்க" என்றாள்.

சின்னவர் தாளை எடுத்தார். "இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சுல்ல" என்று படித்தார். அதற்கு மேல் ஒரு பக்கம் இருந்தது. மூன்றாவது வரியோடு நிறுத்தினார். மீதியைத் தாளை நீட்டி அண்ணியையே படித்துக்கொள்ளச் சொன்னார். அவள் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தாள். அவர் பல் செட்டுக்கு அளவு எழுதும் கையெழுத்து, பொடிப் பொடியாக, தெளிவாக இருந்தது.

"அண்ணன் என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவாரா?" என்று கேட்டார், அவள் படித்து முடித்ததும்.

நல்லதாக ஒன்றைச் சொல்லி முடித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அண்ணி நடந்ததைச் சொன்னாள்.

"அவனே கூப்பிடட்டும்பாரு. கூப்பிட்டா திருடினதைச் சொல்லிடறேன், விழுந்து விழுந்து சிரிப்பான்பாரு. போன் அடிச்சா யாருன்னு என்னைத்தான் பாக்கச் சொல்லுவாரு. நீங்க இல்லைன்னா திட்டுவாரு."

"என்னையா?"

"கூப்பிட்டவங்களை."

சின்னவர் அழுதார். ஆஸ்பத்திரியில் அழாதவர், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு நன்றாகவே அழுதார். அண்ணி சமையலறைக்குப் போய் டீ போட்டாள். வேண்டாம் என்று சொன்னவருக்கும் சேர்த்து. கொதிக்கிற வரைக்கும் அவளும் அங்கேயே நின்று தன் பங்குக்கு அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

டீ குடிக்கும்போது சின்னவர் பழைய பேச்சை எடுத்தார். அப்ப மாத்திடலாமா அண்ணி, ராத்திரிக்குள்ள முடிஞ்சுடும் என்றார். அண்ணி வேண்டாம் என்றாள். ஆயிரத்து நானூறும் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். தனக்கு ஒரு சின்னப் பெட்டி போதும், ஃப்ளாக் பாடுகிற எந்தப் பெட்டியாக இருந்தாலும் சரி, விலை விசாரித்துவிட்டாள். உங்க பெட்டியை எடுத்துட்டுப் போங்க தம்பி என்றாள்.

அண்ணனுக்காகப் பிடிவாதம் பிடிக்காதீங்க அண்ணி என்று அவர் ஆரம்பித்தார். அண்ணனுக்காக இல்லை என்றாள் அவள். பூட்டில் இருந்த பாட்டை அவர் எடுத்துவந்து இங்கே வைத்திருந்ததால்தான் இன்றைக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. நாளைக்கு வேறு யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் உங்க கம்பெனிக்காரனையா போய்க் கேட்பேன் என்றாள். அது பைல் இருந்ததால் நடந்தது, வடிவத்தால் நடந்தது இல்லை, பூட்டில் ரெண்டு காப்பி வைத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்றார் சின்னவர். அது சரியான வாதம். அண்ணி ஒரு வாய் டீ குடித்து யோசித்தாள்.

"அப்ப உங்க வீட்டுல ஏன் ரெண்டு காப்பி வைக்கல?" என்றாள்.

"இடம் இல்ல."

"மூணு பெட்டி வாங்கக் காசு இருக்கு, ஒரு டிஸ்க் வாங்க இடமில்லையா?"

அண்ணன் மாதிரியே பேசறீங்க, சம்பந்தமில்லாம என்றார் சின்னவர். கிளம்ப எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து, டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, சமையலறையில் பாட்டு கேட்க அந்தச் சின்னப் பெட்டிக்கு எத்தனை ஒயர் இழுக்க வேண்டும் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். நாலு என்றார். அண்ணி வீட்டுக்காரரின் நோட்டைக் கொண்டுவந்து, ஒயர் மாட்டும் பக்கத்தைப் பிரித்து, ரெண்டு போதும் என்றாள்.